மைக் மார்ஷலுக்கு பேஸ்பாலின் தலைசிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் கொடுத்திருக்க வேண்டுமா?

கட்டாயம் கொடுத்திருக்க வேண்டும். அவர் ஆடியதை நேரில் பார்க்கும் வாய்ப்பு எனக்கு இல்லை. ஆனால் அவருடைய 1974 கணக்கை எப்போது எடுத்துப் பார்த்தாலும் மனசு ஆறாது.

ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர், அதாவது பந்து வீசுபவர், ஒருநாள் வீசினால் அடுத்து சில நாள் ஓய்வெடுப்பார். அவர் களைத்ததும் இடையில் வந்து கைகொடுப்பவர்தான் ரிலீஃப் பிட்சர். அந்த வருடம் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் ஆடிய 162 ஆட்டங்களில் 106-ல் மார்ஷல் வந்து வீசினார். அத்தனையும் இடையில் வந்தவைதான். ஒரு கட்டத்தில் தொடர்ந்து 13 ஆட்டங்களில் வீசினார். மொத்தம் 208 இன்னிங்ஸ் (ஓர் ஆட்டம் பொதுவாக ஒன்பது சுற்று, ஒவ்வொரு சுற்றும் ஓர் இன்னிங்ஸ்). இன்று ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்களிலேயே 200-ஐத் தாண்டுபவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த 106-ஐ இதுவரை யாரும் நெருங்கவில்லை, அடுத்த இடம் 94. ஆண்டின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கிய முதல் ரிலீஃப் பிட்சரும் அவர்தான்.

அந்த வருட வேர்ல்ட் சீரிஸ், அதாவது சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடர், இரண்டாவது ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸில் டாட்ஜர்ஸ் 3-2 என்று முன்னிலை. ஓக்லண்ட் அணி ஹெர்ப் வாஷிங்டனை முதல் பேஸில் ஓட இறக்கியது. ஓடுவதற்கென்றே அணியில் சேர்க்கப்பட்ட தடகள வீரர் அவர். மார்ஷல் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அவரைக் காக்கவைத்தார். பிறகு சட்டென்று திரும்பி முதல் பேஸுக்கு எறிந்தார். பேஸை விட்டுச் சற்று நகர்ந்திருந்த வாஷிங்டன் அவுட். அடுத்த பேட்டரையும் ஸ்ட்ரைக் அவுட் செய்து ஆட்டத்தை முடித்தார்.

அதே தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில், ரசிகர்கள் மைதானத்தில் பொருள்களை வீசியதால் ஆட்டம் சிறிது நேரம் நின்றது. திரும்பத் தொடங்கியபோது மார்ஷல் வார்ம்-அப் வீசாமலேயே பந்துபோட, ஜோ ரூடி முதல் பந்தையே ஹோம் ரன் அடித்தார். டாட்ஜர்ஸ் தொடரைத் தோற்றது. அதை மறைக்க வேண்டியதில்லை.

அவரை வேண்டாம் என்பவர்கள் காட்டுவது 188 சேவ்களையும், வெற்றியைவிடத் தோல்வி அதிகமாக உள்ள 97-112 கணக்கையும். ஹால் ஆஃப் ஃபேம் ஓட்டெடுப்பில் அவருக்கு 5 சதவீதம்கூட விழவில்லை. ஆனால் சேவ் என்பது கடைசி நேரத்தில் வந்து முன்னிலையைக் காப்பதற்கான கணக்கு. இரண்டு மூன்று இன்னிங்ஸ் தாங்கி வீசியவரின் உழைப்பு அதில் முழுசாக வராது. 2025-ல் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போன பில்லி வாக்னர் அருமையான ரிலீஃப் பிட்சர், எனக்கும் பிடித்தவர். ஆனால் அவர் 16 சீசனில் வீசிய மொத்த இன்னிங்ஸ் 903. அதில் ஏறக்குறைய கால் பங்கை மார்ஷல் ஒரே வருடத்தில் வீசினார்! 1973-ல் 92 ஆட்டம், 1979-ல் 90 ஆட்டம் என்று இன்னும் இரண்டு வருடங்கள் வேறு இருக்கின்றன.

இதை வெறும் உடம்பு வலு என்று நினைக்காதீர்கள். அதிவேகக் கேமராவில் தன் கை அசைவைப் படம்பிடித்துப் படித்தவர், பின்னால் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டமே வாங்கினார்.

2021-ல் காலமாகிவிட்டார். பழைய வீரர்களைப் பரிசீலிக்கும் குழுக்கள் இன்றும் கூடுகின்றன. 1974-ன் அந்த ஒற்றை வரியை அவர்கள் சேவ் கணக்கை மூடிவைத்துவிட்டுப் படிக்க வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.