ஸ்காட்லாந்தில் பட்டியலிடப்பட்ட பழைய வீட்டை வாங்கினால் ஜன்னலைக்கூட மாற்ற முடியாதா?

மாற்றலாம், ஆனால் இஷ்டத்துக்கு அல்ல. அங்கே சட்டப்படி பாதுகாக்க வேண்டிய வரலாற்றுக் கட்டடங்களைப் பட்டியலிட்டு, முக்கியத்துவத்தைப் பொறுத்து ஏ, பி, சி என்று மூன்று வகையாகப் பிரித்திருக்கிறார்கள். வாசல் முகப்புக்கு மட்டும்தான் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். பொதுவாக உள்ளே இருக்கும் படிக்கட்டு, கூரை வேலைப்பாடு எல்லாமே அதில் அடங்கும். சி வகைதானே என்று அலட்சியப்படுத்தவும் முடியாது. சட்டம் எல்லாவற்றுக்கும் ஒன்றே. கட்டடத்தின் தன்மையை மாற்றும் வேலைக்கு உள்ளாட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும். வாங்காமல் செய்தால் அது குற்றம்.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்பதற்கு எடின்பரோவின் ராயல் மைல் தெருவில் உள்ள 'கிளாட்ஸ்டோன்ஸ் லேண்ட்' நல்ல சான்று. 1617-இல் தாமஸ் கிளெட்ஸ்டேன்ஸ் என்ற வணிகர் அதை வாங்கித் தெருப்பக்கமாக நீட்டிக் கட்டினார். இடநெருக்கடியான நகரம், அதனால் வீடு ஆறு மாடி உயரத்துக்குப் போனது. தளம் தளமாக வாடகைக்கும் விட்டார். 1934-இல் இடிக்க இருந்த நிலையில் ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளை அதைக் காப்பாற்றியது. பிறகு சீரமைத்தபோது, பிற்காலத்தில் போட்ட உட்கூரைக்குமேல் மறைந்திருந்த பழைய வண்ண ஓவிய உத்தரங்கள் தெரியவந்தன.

ஜன்னல் விஷயத்துக்கு வருவோம். உளுத்த மரச்சட்டத்தை அதே மரம், அதே வடிவில் பழுதுபார்க்கப் பெரும்பாலும் அனுமதி தேவைப்படாது. பிளாஸ்டிக் ஜன்னல் ஆசை இருந்தால் மறந்துவிடுங்கள். வாங்கும் முன்பே, பழைய உரிமையாளர் அனுமதியில்லாமல் ஏதாவது மாற்றியிருக்கிறாரா என்று வழக்கறிஞர் மூலம் விசாரியுங்கள். அதைச் சரிசெய்யும் பொறுப்பு உங்கள் தலையில் விழலாம்.