பேத்தி குடிக்கவில்லை, கோபத்தில் இருந்தாள்

கேள்வி: நான் 31 வருடம் அரசுப் பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். மகன் குடும்பத்தோடு இங்கிலாந்தில், லீட்ஸ் நகரத்தில் இருக்கிறான். மகள் அமெரிக்காவில், நியூ ஜெர்சியில். பேரனுக்கு 14 வயது, பேத்திக்கு 15. டிசம்பரில் எல்லோரும் தஞ்சாவூருக்கு வருகிறார்கள். அதற்காக வாட்ஸ்அப்பில் ஒரு குடும்பக் குரூப் ஆரம்பித்தோம். அதுவே வினையாகிவிட்டது. பேத்தி தன் பரதநாட்டிய வீடியோவைப் போட்டாள். பேரன் 'நாட் பேட்' என்று எழுதினான். அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. அவன் மிருதங்கம் வாசித்த வீடியோவுக்கு அவள் 'குவைட் குட்' என்று எழுத, இவனுக்கு ரோஷம். போன வாரம் அவள் 'ஐ வாஸ் ஸோ பிஸ்ட் லாஸ்ட் நைட்' என்று ஒரு செய்தி போட்டாள். பேரன் அதை அப்பாவிடம் காட்ட, என் மகன் தங்கைக்கு ஃபோன் போட்டு, 'பொண்ணு குடிக்கிற அளவுக்கு விட்டு வெச்சிருக்கியா?' என்று கேட்டுவிட்டான். இப்போது அண்ணனும் தங்கையும் பேசுவதில்லை. போதாக்குறைக்குப் பாதிச் செய்திகள் வெறும் முதலெழுத்துகளாகவே வருகின்றன, இங்கிலீஷ் டீச்சரான எனக்கே புரிவதில்லை. பேத்தி பாவாடை தாவணியில் எடுத்த படத்துக்கு நான் ஆசையாக 'லுக்கிங் ஸோ ஹோம்லி' என்று எழுதினேன். அதற்கு அவளிடமிருந்து பதிலே இல்லை. இவர்களில் யாருடைய ஆங்கிலம் சரி? நான் யாரைத் திருத்த வேண்டும்?
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்:

அன்புள்ள அம்மா,

முதல் வேலையாக உங்கள் மகனுக்கு ஃபோன் போட்டு ஒன்றைச் சொல்லிவிடுங்கள். பேத்தி எழுதிய வாக்கியத்தில் குடி என்ற பேச்சே இல்லை. 'பிஸ்ட்' என்றால் இங்கிலாந்தில் குடித்து நிதானம் தப்பிய நிலை. அமெரிக்காவில் அதே சொல்லுக்குக் கடுங்கோபம் என்று பொருள். கோபத்தைச் சொல்ல இங்கிலாந்துக்காரர்களும் இந்தச் சொல்லை எடுப்பதுண்டு, ஆனால் கூடவே 'ஆஃப்' என்ற ஒட்டு வரும். அமெரிக்கப் பேச்சில் அந்த ஒட்டு உதிர்ந்துபோய்விட்டது. 'நேத்து ராத்திரி எனக்கு அப்படி ஒரு ஆத்திரம்' என்று பேத்தி எழுதியிருக்கிறாள். லீட்ஸில் வளரும் பையன் அதை 'நேத்து ராத்திரி நல்ல போதை' என்று படித்திருக்கிறான். இரண்டு நாட்டிலும் அது கொச்சையான சொல்தான். குடும்பக் குரூப்பில் அதைத் தவிர்த்திருக்கலாம் என்று அவள் அம்மா பிறகு சொல்லிக்கொள்ளட்டும்.

பேரனையும் யாரும் கோள்சொல்லி என்று திட்டிவிடாதீர்கள். அத்தை மகளுக்கு என்னவோ ஆகிவிட்டதே என்று பதறித்தான் அப்பாவிடம் போயிருக்கிறான்.

அடுத்தது, அந்த இரண்டு வீடியோக்கள். இதைப் படித்தபோது எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது, ஏனென்றால் இரண்டு பிள்ளைகளும் ஒருவரையொருவர் மனதாரப் பாராட்டியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் 'நாட் பேட்' என்பது நம் ஊர்ப் பெரியவர்கள் புருவத்தை உயர்த்தி 'பரவாயில்லையே!' என்று சொல்வதைப் போல. அந்த ஏகாரத்தில்தான் பாராட்டே இருக்கிறது. அமெரிக்கக் காதுக்கு அந்த ஏகாரம் கேட்காது. 'பரவாயில்லை, சுமார்' என்று விழும். மிருதங்கத்துக்கு வந்த 'குவைட் குட்' இதற்கு நேர் எதிர். அமெரிக்காவில் 'குவைட்' போட்டால் பாராட்டு கூடும், 'ரொம்பவே நன்றாக இருக்கிறது' என்று ஆகும். இங்கிலாந்தில் 'குட்'டுக்கு முன்னால் அது வந்து நின்றால் பெரும்பாலும் பாராட்டு ஒரு படி இறங்கிவிடும், 'ஏதோ சுமாராக இருக்கிறது' என்று. அதே இங்கிலாந்தில் 'குவைட் ரைட்' என்றால் முழுக்க முழுக்கச் சரி என்று பொருள். இதையெல்லாம் எந்த இலக்கணப் புத்தகத்தில் தேடுவது? அந்த ஊரில் வளர்ந்தவர்களுக்கு காதுவழியாகவே ஏறிவிடுகிறது.

புரியாத சொல் என்றால் 'அப்படின்னா என்ன?' என்று கேட்டுவிடுகிறோம். நன்றாகத் தெரிந்த சொல்லை யாரும் கேட்பதில்லை, சண்டை அங்கேதான் பிடிக்கிறது. தமிழிலும் இது உண்டு. யாழ்ப்பாணத்துக்காரர் 'அம்மா பேசினா' என்றால் அம்மா திட்டினாள் என்று பொருள். சாதாரணமாகப் பேசுவது அவர்களுக்குக் 'கதைப்பது'. தஞ்சாவூரில் இருக்கும் உங்களிடம் ஒரு யாழ்ப்பாணப் பிள்ளை 'என்னோட ஏன் பேசுறீங்கள்?' என்று கேட்டால், நீங்கள் பேசாமல் இருக்க வேண்டும் என்று சொல்கிறதோ என்று நினைத்துக்கொள்வீர்கள்.

பெரியவர்களும் இதில் தப்பவில்லை. இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டிஷ் அதிகாரிகள் ஒரு கூட்டத்தில் ஒரு விஷயத்தை 'டேபிள்' செய்ய வேண்டும் என்றார்கள். உடனே எடுத்துப் பேச வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அமெரிக்கர்களுக்கோ 'டேபிள்' செய்வது என்றால் ஒத்திப்போட்டு ஓரங்கட்டுவது. இவ்வளவு அவசரமான விஷயத்தைத் தள்ளிப்போடுவதா என்று அவர்கள் எதிர்க்க, வாக்குவாதம் நீண்டு கசப்பாகவும் ஆகிவிட்டது. இரு தரப்பும் கேட்டது ஒன்றையே என்பது பிறகுதான் விளங்கியிருக்கிறது. சர்ச்சில் தன் போர்க்கால நினைவுகளில் இதைப் பதிவு செய்திருக்கிறார். அவருடைய அம்மா அமெரிக்காவில் பிறந்தவர் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். 1942-இல் பிரிட்டனுக்குப் போகும் தன் வீரர்களுக்கு அமெரிக்கப் போர்த்துறை ஒரு சின்னக் கையேட்டையே அச்சிட்டுக் கொடுத்தது. பெண்கள் இருக்கும் இடத்தில் 'ப்ளடி' என்று சொல்லாதே, அங்கே அது மோசமான வசவு. நான் 'பம்' மாதிரி இருக்கிறேன் என்று சொல்லாதே, நம் ஊரில் அது வேலைவெட்டியற்றவன், அவர்கள் ஊரில் பிட்டம் என்றெல்லாம் அதில் எச்சரித்திருந்தார்கள். படைகளுக்கே பாடம் தேவைப்பட்டிருக்கும்போது, 14 வயசும் 15 வயசும் தடுமாறுவதில் குற்றம் என்ன?

சரி, யாருடைய ஆங்கிலம் சரி? உங்கள் தலைமுறை டீச்சர்களுக்கு இங்கிலாந்து ஆங்கிலம்தான் அளவுகோல், அதனால் மனசு பேரன் பக்கம் சாயும். கொஞ்சம் பொறுங்கள். 'காட்' என்று வர வேண்டிய இடத்தில் பேத்தி 'காட்டன்' (gotten) என்று எழுதினால் உங்கள் கை சிவப்பு மையைத் தேடும். ஆனால் அது பழைய ஆங்கில வடிவம். இங்கிலாந்து பெரும்பாலும் கைவிட்டுவிட்டது, அமெரிக்கா வைத்துக்கொண்டது. அவள் 'சாக்கர்' என்றால் பேரன் கேலி செய்வான், ஃபுட்பால் என்று சொல்லத் தெரியாதா என்று. 'சாக்கர்' பிறந்ததே இங்கிலாந்தில். 'அசோசியேஷன் ஃபுட்பால்' என்பதிலிருந்து ஒரு துண்டை வெட்டி, வாலில் 'அர்' சேர்த்து, 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆக்ஸ்ஃபோர்ட் மாணவர்கள் உருவாக்கிய செல்லச்சொல் அது. ரக்பியை அவர்கள் 'ரக்கர்' என்றார்கள். எனவே யாரையும் திருத்த வேண்டாம் அம்மா. இரண்டும் சரி. அந்தந்த ஊருக்குச் சரி.

முதலெழுத்துச் சுருக்கங்கள் ஆங்கிலத்தைக் கெடுக்கின்றன என்ற வருத்தம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. இதில் நான் பிள்ளைகள் பக்கம். பேத்தி வாய்க்கு வாய் எழுதும் 'ஓஎம்ஜி'க்கு, அதாவது 'ஓ மை காட்'டுக்கு, கிடைத்திருக்கும் மிகப் பழைய சான்று 1917-இல் எழுதப்பட்ட ஒரு கடிதம். எழுதியவர் பிரிட்டிஷ் கடற்படைக்குத் தலைமை தாங்கிய ஃபிஷர் பிரபு, அப்போது அவருக்கு 76 வயது. கடிதம் போனது அதே சர்ச்சிலுக்கு! நாம் தினமும் சொல்லும் 'ஓகே' அமெரிக்கச் சரக்கு. 1839-இல் பாஸ்டன் நாளிதழ் ஒன்றில், 'ஆல் கரெக்ட்' என்பதை வேண்டுமென்றே பிழையாக எழுதி முதலெழுத்துகளை எடுத்து வைத்த விளையாட்டிலிருந்து வந்தது.

சுருக்கங்களில் வேறொரு தொல்லை உண்டு. ஒரே எழுத்துகள் கடலைத் தாண்டினால் வேறு பொருளைத் தூக்கிக்கொள்கின்றன. மகள் 'டிசம்பர் 18-லிருந்து பிடிஓ' என்று எழுதினால், 'அடுத்த பக்கம் பார்க்க' என்று வினாத்தாளின் அடியில் வருடக்கணக்காக எழுதிய உங்களுக்குத் தலைகால் புரியாது. மகனுக்கும் அப்படித்தான். அமெரிக்க அலுவலகங்களில் அது சம்பளத்தோடு எடுக்கும் விடுப்பு. மகன் 'டபிள்யூ' போட்டு, சாய்கோடு இழுத்து, 'சி' போட்டு 15 டிசம்பர் என்று எழுதினால், 15-ஆம் தேதி தொடங்கும் வாரம் என்று பொருள். அமெரிக்காவில் 'டபிள்யூ'வும் சாய்கோடும் வந்தாலே 'உடன்' என்றுதான் படிப்பார்கள், பக்கத்தில் 'ஓ' வந்தால் 'இல்லாமல்'.

உடம்பு சம்பந்தப்பட்ட சொற்களில் மட்டும் எல்லோரும் கொஞ்சம் கூடுதல் கவனமாக இருங்கள். லீட்ஸிலிருந்து மருமகள் 'நாலு மணிக்குப் பையனை சர்ஜரிக்குக் கூட்டிப் போறேன்' என்று எழுதினால், நியூ ஜெர்சியில் உங்கள் மகளுக்கு உயிரே போய்விடும். இங்கிலாந்தில் குடும்ப டாக்டரின் கிளினிக்குக்கே சர்ஜரி என்றுதான் பெயர், சளி இருமலுக்கும் அங்கேதான் போவார்கள். குடும்ப டாக்டர் அங்கே 'ஜிபி'. நிஜமாகவே அவசரம் என்றால் இங்கிலாந்தில் போகும் இடம் 'ஏ அண்ட் ஈ', அமெரிக்காவில் 'ஈஆர்'. நீங்கள் அவர்கள் வீட்டுக்குப் போய்த் தங்கும் நாளும் வரும். இங்கிலாந்தில் அவசரத்துக்கு 999, அமெரிக்காவில் 911. இதை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

குரூப்பில் இன்றே மாற்றிக்கொள்ள வேண்டிய பழக்கம் தேதி. 12/11 என்று போட்டால் உங்களுக்கும் மகனுக்கும் நவம்பர் 12, மகளுக்கு டிசம்பர் 11. விமான டிக்கெட்டில் இந்தக் குழப்பம் வந்தால் பணமும் போகும், பயணமும் போகும். மாதத்தின் பெயரை எழுத்தில் போடச் சொல்லுங்கள். மணியும் அப்படியே. பேரன் 'ஹாஃப் செவன்' என்றால் ஏழரை மணி. அமெரிக்கப் பிள்ளைக்கு அப்படி ஒரு வழக்கே தெரியாது. 7.30, எந்த ஊர் நேரம் என்பதையும் சேர்த்து எழுதிவிட்டால் வம்பில்லை.

அப்புறம், டிசம்பரில் வீடு நிறைந்திருக்கும்போது என்ன நடக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். 'பெட்டியை ஃபர்ஸ்ட் ஃப்ளோர்ல வை' என்று நீங்கள் சொன்னால் பேரன் மாடிக்குப் போவான், பேத்தி தரைத்தளத்திலேயே அறையைத் தேடுவாள். அமெரிக்காவில் தரைத்தளமே முதல் தளம். 'மாடி' என்றே சொல்லுங்கள், அந்தச் சொல் இருவருக்கும் ஒன்று. நீங்கள் பொரித்து வைக்கும் வாழைக்காய் சிப்ஸ் பேத்திக்கு சிப்ஸ்தான். பேரனுக்கு அது 'க்ரிஸ்ப்ஸ்', அவன் ஊரில் சிப்ஸ் என்றால் சூடாகப் பொரித்த நீள உருளைக்கிழங்குத் துண்டு. பிஸ்கட்டில் பேரனும் நீங்களும் ஒரு கட்சி. அமெரிக்காவில் பிஸ்கட் என்பது மெத்தென்ற ஒரு ரொட்டி. பேத்தி 'பேண்ட்ஸ்' என்றால் கால்சட்டை, பேரன் சொன்னால் ஜட்டி. இடுப்பில் கட்டும் சின்னப் பைக்கு அவள் ஊரில் வழங்கும் 'ஃபேனி பேக்' என்ற பெயரில் உள்ள முதல் சொல், இங்கிலாந்தில் பெண்ணின் அந்தரங்க உறுப்பைக் குறிக்கும் கொச்சை. அதை அவள் அம்மா முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. நோட்டில் கோலம் வரையும்போது நீங்கள் பேத்தியிடம் 'ரப்பர்' கேட்டால் அவள் முகம் சிவந்துபோகலாம், அமெரிக்கப் பேச்சில் அது ஆணுறை. 'அழிப்பான்' கேளுங்கள், இல்லையென்றால் 'இரேசர்'.

இதையெல்லாம் நீங்கள் பாடமாக நடத்த வேண்டாம். ஒரு 80 பக்க நோட்டை வாங்கி இரண்டு பிள்ளைகள் கையிலும் கொடுங்கள். சண்டை மூட்டிய சொற்களை அவர்களே எழுதட்டும், ஒரு பக்கம் லீட்ஸ், எதிர்ப்பக்கம் நியூ ஜெர்சி. மூன்றாவதாக ஒரு பத்தி தஞ்சாவூருக்கும் விடச் சொல்லுங்கள், ஏனென்றால் நம் ஆங்கிலமும் தனி ஆங்கிலம்தான்.

உங்கள் 'ஹோம்லி' அந்த மூன்றாவது பத்தியைச் சேர்ந்தது. உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த வரியைத்தான். கல்யாண விளம்பரங்களில் பார்த்துப் பார்த்து நமக்கு ஹோம்லி என்றால் அடக்கமான, குடும்பப் பாங்கான பெண். இங்கிலாந்தில் ஒரு வீட்டையோ விடுதியையோ அப்படிச் சொன்னால் எளிமையான, மனசுக்கு இதமான இடம். அமெரிக்காவில் ஒரு பெண்ணை ஹோம்லி என்றால் அழகில்லாதவள், பார்க்கச் சுமார் என்று பொருள். 15 வயதுப் பெண், முதல் முதலாகப் பாவாடை தாவணி கட்டி, பாட்டி என்ன சொல்வாளோ என்று காத்திருந்து அந்தச் சொல்லைப் படித்திருக்கிறாள். அவள் பதில் போடாததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

உங்கள் மகன்தான் தங்கையைக் கூப்பிட வேண்டும், கேட்கக் கூடாததைக் கேட்டவர் அவர். அவர் கூப்பிடும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம். இன்று மாலை நாலரை மணிக்கு நியூ ஜெர்சியில் காலை நேரம், பேத்தி பள்ளிக்குக் கிளம்பும் முன் வீடியோ காலில் பிடித்துவிடலாம். ஆங்கிலம் வேண்டாம். 'அந்தத் தாவணியில நீ அவ்வளவு லட்சணமா இருந்தேடி கண்ணு, பாட்டி அதைத்தான் எழுதினேன்' என்று தமிழில் சொல்லுங்கள்.