மகளை டாலஸுக்கு அனுப்பும் அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம்.

மகளுக்கு டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் டாலஸ் வளாகத்தில் எம்.எஸ். கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்ததில் எனக்கும் ரொம்ப மகிழ்ச்சி. வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். நகரத்துக்கு வெளியே இருக்கும் இடம், அரசுப் பல்கலைக்கழகம், சுமார் 30,000 பேர் படிக்கிறார்கள், அவ்வளவு கூட்டத்தில் என் பெண்ணை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்கிறீர்கள். நேராகவே சொல்லிவிடுகிறேன். தானாக வந்து யாரும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அவளே போய்க் கேட்டால் உதவ ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள் இருக்கிறார். கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு அது நல்ல இடம். கேட்கக் கூச்சப்படும் பிள்ளைதான் அங்கே திணறும்.

‘அரசு’ என்ற சொல்லுக்காக உங்கள் மைத்துனர் முகம் சுளித்தாராம். அந்தக் கவலை வேண்டாம். டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்ற மின்னணு நிறுவனத்தின் நிறுவனர்கள் மூன்று பேர் 1961-இல் தொடங்கிய ஆராய்ச்சி மையம்தான் 1969-இல் மாநிலப் பல்கலைக்கழகமானது. இளநிலை முதலாமாண்டு மாணவர்களை 1990-இல்தான் சேர்க்கத் தொடங்கினார்கள். அதற்கு முன் முதலில் முதுநிலையும் ஆராய்ச்சியும் மட்டும், பின்னர் இளநிலையின் கடைசி இரண்டு ஆண்டுகளும் சேர்ந்தன, அவ்வளவுதான். 2015-இல் வேதியியல் நோபல் வாங்கிய அஜிஸ் சன்ஜார் 1977-இல் இங்கேதான் முனைவர் பட்டம் பெற்றார்.

வளாகம் இருப்பது ரிச்சர்ட்சன் என்ற புறநகரில். புறநகர் என்றால் நம் மனதில் பேருந்து நுழையாத ஊர் வருகிறது. அங்கே நிலைமை வேறு. ரிச்சர்ட்சனைச் சுற்றித்தான் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் வரிசையாக வளர்ந்தன. பக்கத்து பிளேனோவில் டொயோட்டாவின் வட அமெரிக்கத் தலைமையகம், ஜே.பி. மோர்கன் சேஸின் பெரிய வளாகம், கேப்பிடல் ஒன் எல்லாம் இருக்கின்றன. உங்கள் மகளுக்கு நாளை இன்டர்ன்ஷிப் கிடைத்தால் வீடு மாற்றாமலே போய்வரக்கூடிய தூரத்தில் கிடைக்கவும் வாய்ப்பு உண்டு.

கார் இல்லாமல் வாழ முடியுமா என்பது நியாயமான கேள்வி. முதல் ஆண்டை ஓட்டிவிடலாம். நம் பிள்ளைகள் நிறையப் பேர் வளாகத்தை ஒட்டிய மெக்கல்லம் சாலை அடுக்குமாடிகளில் மூன்று நான்கு பேராகச் சேர்ந்து இருக்கிறார்கள். 883 என்ற இலவசப் பேருந்து அந்தச் சாலையையும் வளாகத்தையும் ரயில் நிலையத்தையும் இணைக்கிறது. 2025 அக்டோபரில் தொடங்கிய சில்வர் லைன் ரயில் வளாகத்திலேயே நின்று விமான நிலையம் வரை போகிறது. ஆனால் அரிசி, பருப்பு வாங்க இந்தியக் கடைக்குப் போவதென்றால் கார் வைத்திருக்கும் யாரோடாவது சேர்ந்துதான் போகவேண்டியிருக்கும். வீட்டுக்கு ஆள் சேர்க்கும்போது சமைக்கத் தெரியுமா என்று விசாரிப்பதோடு, இவளைப் போலவே பொறுப்பாகப் படிக்கிறவர்களா என்பதையும் விசாரிக்கச் சொல்லுங்கள். அறைத் தோழிகள் தூங்கும் நேரம்தான் பெரும்பாலும் இவள் தூங்கும் நேரமாக ஆகும்.

பாதுகாப்பு பற்றி இரண்டு வார்த்தை. பல்கலைக்கழகத்துக்கென்றே தனிக் காவல்துறை இருக்கிறது. நூலகத்திலிருந்து இரவு தனியாகத் திரும்பப் பயமாக இருந்தால் துணைக்கு வரச் சொல்லி அவர்களைக் கூப்பிடலாம், வெட்கப்படத் தேவையில்லை. சூறாவளி (டொர்னேடோ) எச்சரிக்கைச் சங்கு அடித்தால் ஜன்னல் இல்லாத உள் அறைக்குப் போய்விட வேண்டும். 2019 அக்டோபரில் ஒரு சூறாவளி ரிச்சர்ட்சனுக்குள்ளேயே வந்தது, அதனால் இதை அலட்சியமாக விடக்கூடாது.

இப்போது படிப்புக்கு வருவோம். நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இங்கேதான் இருக்கிறது. மகள் படித்தது இ.சி.இ., அதாவது எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன். இந்த எம்.எஸ்.ஸுக்கு 33 கிரெடிட், அதாவது பதினோரு பாடம். வேறு துறையிலிருந்து வருகிறவர்களுக்கு டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், டிஸ்க்ரீட் கணிதம், ஆப்பரேட்டிங் சிஸ்டம் மாதிரி அடிப்படைப் பாடங்களையும் முடிக்கச் சொல்வார்கள். அவை 33-இல் சேராது, கட்டணம் மட்டும் தனியாக உண்டு. மூன்று பாடம் கூடுதலாக வந்தால் பதினான்கு. பருவத்துக்கு மூன்று பாடம் என்று எடுத்தால் நான்கு பருவத்தில் முடிவது ஐந்தாகிவிடும். வங்கிக்குக் கொடுத்த கணக்கில் இது இருக்கிறதா? சேர்க்கைக் கடிதத்தில் அந்தப் பாடங்களைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டிருப்பார்கள், எடுத்துப் பாருங்கள். கல்லூரியில் அதே பாடத்தை ஏற்கெனவே படித்திருந்தால் பாடத்திட்டத்தை அனுப்பி விலக்கு கேட்கலாம். கேட்கிறவர்களுக்குத்தான் அது கிடைக்கும்.

கட்டணத்திலும் இப்படி ஒரு வழி இருக்கிறது. டெக்சஸ் சட்டப்படி, போட்டி அடிப்படையில் குறைந்தது 1,000 டாலர் உதவித்தொகை பெறும் வெளிநாட்டு மாணவரிடம் உள்ளூர்க்காரருக்கான கட்டணமே வாங்க அனுமதி உண்டு. அந்த 1,000 டாலரைவிடக் கட்டணத்தில் குறையும் தொகை பல மடங்கு. இடங்கள் குறைவு, எல்லாருக்கும் கிடைக்காது. ஆனாலும் துறைக்கு ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேட்பதற்குக் காசு ஆகாது.

மதிப்பெண் விஷயத்தில் நம் ஊர்ப் பழக்கம் அங்கே காலை வாரிவிடும். ‘பாஸ் ஆனால் போதும்’ என்பது அங்கே செல்லாது. மொத்த ஜி.பி.ஏ. (மதிப்பெண் சராசரி) 4-க்கு 3.0-க்குக் கீழே போனால் எச்சரிக்கைப் பட்டியல். கம்ப்யூட்டர் சயின்ஸில் முதன்மைப் பாடங்களுக்கு மட்டும் 3.19 வேண்டும். அல்காரிதம் பாடம் கடினம், முதல் பருவத்திலேயே அதோடு இன்னும் இரண்டு கனமான பாடங்களைச் சேர்த்து எடுக்க வேண்டாம். பேராசிரியர்கள் வாரந்தோறும் அறையில் உட்கார்ந்திருக்கும் நேரத்தைப் பாடத்திட்டத்திலேயே போட்டிருப்பார்கள். அந்த நேரத்தில் கதவைத் தட்டிக்கொண்டு போகலாம். நம் பிள்ளைகள் தேர்வில் குறைந்த பிறகுதான் போகிறார்கள். முதல் மாதத்திலேயே ஒரு சந்தேகத்தோடு போய் நின்றால் பேராசிரியருக்கு முகம் பரிச்சயமாகும். பின்னால் ஆராய்ச்சி உதவியாளர் இடம், பரிந்துரைக் கடிதம் எல்லாம் அந்தப் பரிச்சயத்திலிருந்துதான் வருகின்றன.

அடுத்ததை அழுத்திச் சொல்கிறேன், அம்மா. இங்கே கல்லூரியில் ஒருத்தி எழுதிய ரெக்கார்டைப் பத்துப் பேர் பார்த்து எழுதுவதை யாரும் குற்றமாக நினைப்பதில்லை, கேட்ட தோழிக்குக் கொடுக்காமல் இருப்பதைத்தான் தப்பாக நினைக்கிறார்கள். அங்கே வீட்டுப்பாடத்தின் புரோகிராமை இன்னொருவருக்கு அனுப்பினால் அனுப்பியவர், வாங்கியவர் இருவர் மீதும் விசாரணை வரலாம். புரோகிராம்களை ஒப்பிட்டுப் பார்க்க மென்பொருள் இருக்கிறது. மாறிகளின் பெயரை மாற்றினாலும் கண்டுபிடித்துவிடும். தண்டனை பாடத்தில் எஃப் (தோல்வி) முதல் இடைநீக்கம் வரை போகும். இடைநீக்கம் என்றால் மாணவர் விசாவின் அந்தஸ்தே போய்விடும். அறைத் தோழி அழுதுகொண்டே கேட்டாலும் உட்கார்ந்து விளக்கிச் சொல்லலாம், ஃபைலைக் கொடுக்கக் கூடாது. இதைப் போகும் முன்பே நீங்கள் அவளிடம் பேசிவிடுங்கள். நான் சொல்வதைவிட நீங்கள் சொன்னால் அவளுக்கு நினைவிருக்கும்.

சரி, வேலை. அடுத்த கோடைக்கான இன்டர்ன்ஷிப்புக்கு நிறுவனங்கள் செப்டம்பர், அக்டோபரிலேயே ஆள் எடுக்கத் தொடங்கிவிடும். ஆகஸ்டில் இறங்கும் பெண்ணுக்கு வங்கிக் கணக்கு, வீடு, வகுப்பு என்று தலை சுற்றும் அதே நாட்களில் வேலைக் கண்காட்சியும் வந்துவிடும். ஆகவே ரெஸ்யூமேயை இங்கேயே ஒரு பக்கத்துக்குள் எழுதி முடித்து, தானே செய்த இரண்டு புராஜெக்டுகளை விளக்கப் பழகிக்கொண்டு விமானம் ஏறட்டும். இரண்டு பருவம் முடிந்த பிறகுதான், படிக்கும்போதே துறை சார்ந்த வேலை செய்வதற்கான சி.பி.டி. அனுமதியில் வெளியே வேலை செய்யலாம். வளாகத்துக்குள் வேலை என்றால் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரைதான். அந்தச் சம்பளத்தில் சாப்பாட்டுச் செலவு ஓடும், கடன் அடைபடாது.

பட்டம் முடிந்ததும் படித்த துறையில் வேலை செய்வதற்கான ஓ.பி.டி. அனுமதி 12 மாதம், கம்ப்யூட்டர் சயின்ஸ் என்பதால் மேலும் 24 மாத நீட்டிப்பு கேட்கலாம். முதல் 12 மாதத்தில் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்க முடியாது. அதன் பிறகு எச்-1பி என்ற வேலை விசா. ஆண்டுக்கு 65,000 இடம், அமெரிக்க முதுநிலை படித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000. விண்ணப்பங்கள் இதைவிட மிக அதிகம் என்பதால் தகுதி இருந்தும் கிடைக்காமல் போவது சகஜம், விதிகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஆகவே ‘மூன்று வருஷத்தில் கடன் முடிந்துவிடும்’ என்று எந்த முகவர் சொன்னாலும் நம்பாதீர்கள். மகள் ஊர் திரும்பி இங்கே சம்பளம் வாங்கினால் மாதத் தவணையைக் கட்ட முடியுமா என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். முடியாது என்றால் கடன் தொகையைக் குறைக்க வழி தேடுவோம். வேலை அனுபவம் இருப்பதாகப் பொய்யாக எழுதிக் கொடுக்கும் கன்சல்டன்சிகள் பக்கம் அவள் போகவே கூடாது.

தினமும் போனில் பேச வேண்டும் என்கிறீர்கள். பேசுங்கள். ஆனால் முதுநிலை வகுப்புகள் பல அங்கே மாலை ஏழு மணிக்குத் தொடங்கிப் பத்து மணி வரை போகும். நமக்கு அது விடிகாலை ஐந்தரையிலிருந்து எட்டரை. காபி குடித்ததும் கூப்பிட்டால் அவள் வகுப்பில் இருப்பாள், எடுக்கவில்லையே என்று நீங்கள் பதறுவீர்கள். நம் ஊர் இரவு எட்டு மணி அங்கே காலை ஒன்பதரை, குளிர்காலத்தில் எட்டரை. அந்த நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பேசும்போது ‘சாப்பிட்டாயா’ என்பதோடு ‘இந்த வாரம் யாரிடமாவது போய் ஏதாவது கேட்டாயா’ என்றும் விசாரியுங்கள். சில வாரமாகக் குரல் சுரத்தில்லாமல் இருந்தால், வளாகத்திலேயே மனநல ஆலோசனை மையம் இருப்பதை அவளுக்குச் சொல்லுங்கள். அங்கே போவதை அக்கம்பக்கத்துக்குத் தெரிய வேண்டிய விஷயமாக நினைக்க வேண்டாம்.

இந்த வாரம் ஒரு வேலை இருக்கிறது. சேர்க்கைக் கடிதத்தைப் பார்த்து, எந்தெந்த அடிப்படைப் பாடங்களுக்கு விலக்கு கேட்கலாம், கட்டணச் சலுகைக்கு வாய்ப்பு உண்டா என்று துறை ஆலோசகருக்கு உங்கள் மகளே மின்னஞ்சல் எழுதட்டும். முகவரோ நீங்களோ நானோ எழுத வேண்டாம். பதில் வந்ததும் அதை எடுத்துக்கொண்டு இருவரும் வாருங்கள். எத்தனை பருவம் ஆகும், கடன் எவ்வளவு வேண்டும் என்று அதை வைத்துக் கணக்குப் போடுவோம்.