கட்டுத்தரைப் பதில்கள்

கேள்வி: என் மகளுக்கு ஏழாவது மாதம் நடக்கிறது. மருமகன் இயற்கை வாழ்வியல் குழு ஒன்றில் இருக்கிறார். "ஆஸ்பத்திரிக்குப் போனாலே வயிற்றைக் கிழித்துவிடுவார்கள். நம் பாட்டிமார் எல்லாம் வீட்டில்தானே பெற்றார்கள்? குழந்தைக்குத் தடுப்பூசியும் வேண்டாம்" என்கிறார். நீங்களும் பழைய வழக்கங்களை மதிக்கிறவர். என்ன சொல்கிறீர்கள்?
– தாய் ஒருவர், அவிநாசி

பதில்: பிரசவம் ஆஸ்பத்திரியில்தான் நடக்க வேண்டும், அம்மணி. அதில் மாற்றுப் பேச்சே கிடையாது.

ஆனால் மருமகனின் பயத்தை உதறித் தள்ளாதீர்கள். அதில் நிஜம் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் 45 சிசேரியன். தனியார் ஆஸ்பத்திரியை மட்டும் எடுத்துக்கொண்டால் 64 பக்கம் போகிறது. நாடு முழுவதற்கும் அது 22-க்குள்தான். 10 முதல் 15 வரை இருந்தால் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 1985-லேயே சொல்லிவிட்டது. நம் பெண்களின் இடுப்பு ஒரே தலைமுறையில் சுருங்கிப் போகவில்லை. இந்தக் கணக்கைக் கேட்டால் படிக்காதவள் கேட்கிறாள் என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். திருப்பினாலும் கேளுங்கள். "எதற்காக ஆபரேசன்? இன்னும் காத்திருக்கலாமா? காத்திருந்தால் என்ன ஆபத்து?" இந்த மூன்றையும் மருமகனே டாக்டரிடம் நேரில் உட்கார்ந்து கேட்கட்டும். ஒன்பதாம் மாதம் வரை தள்ளிப் போடாமல் இப்போதே கேட்கட்டும்.

பாட்டிமார் வீட்டில் பெற்றார்கள் என்பது சரி. பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதை அவருடைய குழு சொல்கிறதா? எங்கள் அப்பத்தாவுக்குப் பிரசவம் பார்த்த மருத்துவச்சி விளக்கெண்ணெய் தடவிய கையை வயிற்றில் வைத்து, தலை கீழே திரும்பியிருக்கிறதா, குழந்தை குறுக்கே கிடக்கிறதா என்று சொல்லிவிடுவாராம். குறுக்கே கிடந்தால் கை வைக்க மாட்டார். "வண்டி கட்டுங்க, தாராபுரம் போகோணும்" என்பார். ஆயுசு முழுக்கப் பிரசவம் பார்த்த அந்தக் கை இன்று எந்த ஊரிலும் இல்லை. செல்போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்வதற்குப் பழமை என்று பேர் வைத்தால் அந்த மருத்துவச்சிக்குத்தான் அவமானம். 2018 ஜூலையில் நம் திருப்பூரிலேயே அப்படி வீட்டில் பிரசவம் பார்த்து, ரத்தப்போக்கு நிற்காமல் ஒரு தாய் இறந்துபோனார். குழந்தை பிறந்த பிறகு ஏற்படும் ரத்தப்போக்கு நேரம் கொடுக்காது. அதை நிறுத்துகிற ஊசியும் ஏற்றுகிற ரத்தமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

தடுப்பூசி விசயத்தில் பேரம் இல்லை. 2017 பிப்ரவரியில் தட்டம்மை – ரூபெல்லா ஊசி போட்டபோது வாட்ஸ்அப்பில் வந்த புரளியை நம்பிப் பள்ளிக்கூடத்துக்கே பிள்ளைகளை அனுப்பாமல் நிறுத்தியவர்கள் உண்டு. இந்தியாவில் கடைசி போலியோ கேஸ் 2011 ஜனவரியில் வந்தது. ஒவ்வொரு ஊரிலும் கால் சூம்பிய பிள்ளை ஒன்றாவது இருந்ததைப் பார்த்த வயசுக்காரி நான். அந்தக் காட்சி இப்போது இல்லையென்றால் அதற்கு அந்தச் சொட்டு மருந்துதான் காரணம்.

கேள்வி: மஞ்சள் கருவைத் தூக்கிப் போட்டுவிட்டு வெள்ளையை மட்டும் சாப்பிடச் சொல்கிறார்கள். கோழிப் பண்ணை ஊரில் இருந்துகொண்டு மனசு கேட்கவில்லை.
– வாசகர், நாமக்கல்

பதில்: உணவில் கொலஸ்டிரால் ஒரு நாளைக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்று சொல்லிவந்த அமெரிக்க அரசின் உணவு வழிகாட்டியே 2015-இல் அந்த எண்ணை எடுத்துவிட்டது. உடம்பில் வேறு கோளாறு இல்லாதவர் ஒரு முட்டையை முழுசாகச் சாப்பிடலாம். சர்க்கரை, இதய நோய் இருந்தால் உங்கள் டாக்டர் சொல்வதுதான். டப்பா வனஸ்பதி வந்த காலத்தில் அதுதான் நாகரிகம் என்று விற்றார்கள். அதிலிருக்கும் டிரான்ஸ் கொழுப்பு மாரடைப்புக்கு வழி என்று தெரிந்து, 2022 ஜனவரியிலிருந்து 2 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் கட்டுப்படுத்தியது. செக்குக் கடலை எண்ணெயை விடாத வீடுகள் அந்த விசயத்தில் தப்பித்தன. அதற்காகத் தேங்காய் எண்ணெயைத் தினமும் கரண்டி கரண்டியாகக் குடித்தால் சகல நோயும் போகும் என்று சொல்லாதீர்கள். அது கெட்ட கொழுப்பைக் கூட்டுகிறது என்பது நிரூபணமான விசயம்.

கேள்வி: காங்கயம் மாட்டுப் பாலில் சர்க்கரை நோய் வராது, ஏ2 பால்தான் அமிர்தம் என்று லிட்டருக்கு மூன்று மடங்கு விலை வைக்கிறார்கள். வாங்கலாமா? ஜல்லிக்கட்டுக்காகப் போராடிய நாம் நாட்டு மாட்டுக்கு இதையாவது செய்ய வேண்டாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பால் பிடித்திருந்தால் வாங்குங்கள். மருந்து என்று நினைத்து வாங்காதீர்கள். ஏ1, ஏ2 என்பது பாலில் இருக்கும் புரதத்தின் இரண்டு வகை. ஏ1 பால் நோய் தரும் என்ற பேச்சை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009-இல் ஆராய்ந்து, தொடர்பு நிரூபணமாகவில்லை என்று சொன்னது. இங்கே 2024 ஆகஸ்டில் பாக்கெட்டில் ஏ1, ஏ2 என்று போடக் கூடாது என்று உத்தரவு வந்தது. சில நாளிலேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். உத்தரவு போனதால் ஏ2 பால் மருந்தாகிவிடாது.

எனக்கு இதில் கோபம் வருகிற இடம் வேறு. காங்கயம் மாடு எப்போதுமே பாலுக்கு நின்ற மாடு இல்லை. கன்று குடித்தது போக நாளுக்கு இரண்டு மூன்று லிட்டர் கறந்தாலே பெரிது. கிணற்றுத் தண்ணியை இறைக்கிற கவலை இழுக்கவும், ஏர் உழவும், பாரம் ஏற்றிய வண்டியோடு மேடேறவும் பார்த்துப் பார்த்து வளர்த்த இனம் இது. பாளையகோட்டைப் பட்டக்காரர் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் பொலிகாளைகளைத் தேர்ந்தெடுத்து இந்த இனத்தைச் செம்மை செய்தார் என்பது ஊரறிந்த வரலாறு. இழுக்கிற மாட்டைப் பால் மாட்டோடு போட்டிக்கு நிறுத்தினார்கள். அது தோற்றதும் சீமைச் சினை ஊசிதான் முன்னேற்றம் என்றார்கள். டிராக்டரும் மோட்டாரும் அதன் வேலையைப் பறித்துக்கொண்டன. இப்போது அதே மாட்டின் நெற்றியில் பொய் மருந்துச் சீட்டு ஒட்டி விற்கிறோம். அந்தப் பொய் உடைகிற நாளில் மாட்டின் பேரும் சேர்ந்து உடையும்.

2014 மே 7-இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டையும் மாட்டு வண்டிப் பந்தயத்தையும் தடை செய்தது. 2017 ஜனவரியில் பிள்ளைகள் மெரினாவிலும் கோவை வ.உ.சி. மைதானத்திலும் இரவும் பகலும் உட்கார்ந்தார்கள். தமிழ்நாடு சட்டம் போட்டது. 2023 மே 18-இல் அரசியல் சாசன அமர்வு அந்தச் சட்டம் செல்லும் என்றது. நகரத்துப் படித்தவர்கள் காட்டுமிராண்டித்தனம் என்று எழுதியதை எதிர்த்துக் கிராமம் ஜெயித்த நாள் அது. நானும் சந்தோசப்பட்டேன்.

சரி, ஜெயித்த மாடு எங்கே மேயும்? காங்கயம், தாராபுரம், வெள்ளகோவில் பக்கம் வந்து கொறங்காட்டைப் பாருங்கள். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், ஆங்காங்கே வெள்வேல மரம். சரளை மண்ணில், மழை மறைவுப் பூமியில் தண்ணி பாய்ச்சாமல் வளர்கிற மேய்ச்சல் அது. கோடையில் புல் காய்ந்தாலும் வெள்வேலங்காய் உதிரும், மாடும் செம்மறியும் அதைப் பொறுக்கித் தின்று உயிர் பிடிக்கும். சில வருசத்துக்கு ஒரு தடவை உழுது கொள்ளோ சோளமோ விதைத்து மண்ணைப் புதுக்குவார்கள். நூற்றாண்டுக் கணக்கில் ஆள் மாறி ஆள் காத்த ஏற்பாடு. இது ஊர்ப் பொது நிலமும் இல்லை, புறம்போக்கும் இல்லை. தனியார் பட்டா நிலம். அதனால் ஒவ்வொரு பாகப்பிரிவினையிலும் துண்டாகிறது. ஒரு துண்டு சைட்டாகிறது, ஒரு துண்டில் காற்றாலை நிற்கிறது. கிளுவையைப் பிடுங்கிக் கம்பி வேலி போட்டுவிடுகிறார்கள்.

காளைக்காகக் கூடிய கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கொறங்காட்டுக்காகக் கூடினால், பட்டா கைமாறினாலும் மேய்ச்சலாகவே வைத்திருக்கிறவருக்கு உதவித்தொகை கொடு என்று அரசிடம் கேட்க முடியும். ஏ2 பாலுக்குக் கொடுக்கிற மூன்று மடங்கு விலையை, கொறங்காட்டில் மேய்க்கிற பண்டம்பாடிக்காரரிடம் நேரில் வந்து கன்று வாங்கிக் கொடுங்கள். நாட்டு மாட்டுக்குச் செய்வது என்றால் அதுதான்.

கேள்வி: கள் நம் பாரம்பரிய உணவு. டாஸ்மாக் நடத்துகிற அரசு கள்ளைத் தடுப்பது நியாயமா?
– தென்னை விவசாயி, பொள்ளாச்சி

பதில்: நியாயம் இல்லை. 1987-லிருந்து இங்கே கள்ளுக்குத் தடை. 2003-லிருந்து அரசே கடை திறந்து ஆலைச் சாராயம் விற்கிறது. பக்கத்திலேயே பாலக்காட்டில் கள்ளுக்கடை சட்டப்படி நடக்கிறது. மரத்துக்காரன் குற்றவாளி, ஆலைக்காரன் வரி கட்டுகிறவர் என்ற இந்தச் சட்டத்துக்கு எந்த அரசும் எனக்குப் புரிகிற மாதிரி காரணம் சொன்னதில்லை. ஆனால் கள்ளை உணவு என்று என்னிடம் சொல்லாதீர்கள். புளித்தால் போதைதான். எங்கள் ஊரில் கள் குடித்துத் தோட்டத்தை எழுதிக் கொடுத்த குடும்பங்களின் பெண்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களைக் கேளுங்கள். எனக்கு வேண்டியது இரண்டு கடையும் மூடுவது. சுண்ணாம்பு தடவிய பானையில் இறக்குகிற பதநீருக்கு நல்ல சந்தை கேளுங்கள், நானும் உங்களோடு வந்து நிற்கிறேன்.

கேள்வி: கோயில்களை அரசு விட்டு வெளியேற வேண்டும் என்பது பிற்போக்கா?
– வாசகர், ஈரோடு

பதில்: இல்லை. 2014 ஜனவரியில் சிதம்பரம் நடராசர் கோயில் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொன்னது: நிர்வாகத்தில் கோளாறு இருந்தால் அரசு வரலாம், சரிசெய்த பின் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், நிரந்தரமாக உட்காரக் கூடாது. நான் கேட்பதும் அதுதான். அதே சமயம் 1925-இல் நீதிக்கட்சி ஆட்சியில் இந்து அறநிலையச் சட்டம் வந்ததற்குக் காரணமே கோயில் சொத்தைத் தின்ற தர்மகர்த்தாக்கள்தான் என்பதையும் மேடையில் சேர்த்துப் பேசுங்கள். நம் பக்கத்துக் குலதெய்வக் கோயில்கள் பலவற்றில் குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி வாங்கி, திருவிழா முடிந்ததும் வரவு செலவை மைக்கில் படிக்கிறார்கள். எண்ணெய்ச் செலவு உள்பட. எந்தப் பாட்டியும் எழுந்து "அந்த மணி வாங்குன காசு எங்கப்பா?" என்று கேட்கலாம். பெரிய கோயில்களுக்கும் இப்படி ஓர் ஏற்பாட்டை வரைந்து காட்டினால் உங்கள் கோரிக்கைக்குப் பலம் வரும்.

கேள்வி: பையனுக்கு 34 வயசு. தோட்டம், பம்புசெட்டு, வீடு எல்லாம் இருக்கிறது. பெண் கிடைக்கவில்லை. புரோக்கர் மூலம் கேரளத்தில் பார்த்திருக்கிறோம். பங்காளிகள் "நம் முறை கெட்டுப்போகும்" என்கிறார்கள்.
– தாய் ஒருவர், கோபிசெட்டிபாளையம்

பதில்: முறை கெட்டது அந்தப் பெண் வருவதால் இல்லை, கண்ணு. நம் முறையைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்ட வீடுகளில்தான் பெண் சிசுக்களைக் கொன்றார்கள். 1992-இல் அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் தொடங்க வேண்டி வந்தது. அப்புறம் ஸ்கேன் வந்தது. கருவில் பார்த்துச் சொல்லக் கூடாது என்று 1994-இல் சட்டமே போட்டார்கள். அன்று பிறக்காமல் போன பெண்களைத்தான் இன்று பையன்களுக்குத் தேடிக்கொண்டிருக்கிறோம். குடும்பமும் குலமும் பெரிது என்று பேசுகிற ஒவ்வொருவரும் இதைத் தலை நிமிர்ந்து பேச வேண்டும். மற்றவர்கள் பேசுவதற்கு முன்னால் நாம் பேச வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. 1989-லேயே தமிழ்நாட்டில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம உரிமை வந்துவிட்டது. ஆனாலும் கல்யாணமான கையோடு சப்-ரிஜிஸ்டர் ஆபீசுக்குக் கூட்டிப் போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது நிற்கவில்லை. தோட்டத்தில் தனக்கு ஒரு குழி நிலமும் இல்லை என்று பார்த்து வளர்கிற பெண், தோட்டக்கார மாப்பிள்ளையை எதற்குக் கட்டுவாள்? "மாப்பிள்ளைக்குத் தோட்டம் இருக்கோணும், தோட்டத்துல வேலை செய்யக் கூடாது" என்று பெண் வீட்டார் சொல்வதைக் குறை சொல்கிறோம். அவர்களை அப்படிப் பேச வைத்தது யார்?

கேரளத்துப் பெண் வந்தால் கல்யாணச் சடங்கை நடத்தி வைக்கிற அருமைக்காரரை வைத்துச் சீர் செய்யுங்கள், மங்கல வாழ்த்துப் பாடச் சொல்லுங்கள், ஒன்றையும் குறைக்காதீர்கள். வாங்கி வந்த பெண் என்று யாரும் ஒரு வார்த்தை பேசாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. நிச்சயம் ஆவதற்கு முன் நீங்களே பெண்ணின் ஊருக்குப் போய் அவள் தாயோடு தனியாக உட்கார்ந்து பேசுங்கள். பெண்ணுக்கு நிஜமாகவே சம்மதமா என்று அவள் வாயாலேயே கேளுங்கள், பெற்றோருக்குக் கடன் நெருக்கடி உண்டா என்று விசாரியுங்கள். புரோக்கர் சொல்வதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். கல்யாணம் முடிந்ததும் 90 நாளைக்குள் பதிவு செய்துவிடுங்கள், 2009 சட்டப்படி அது கட்டாயம். சான்றிதழின் ஒரு நகல் அந்தப் பெண்ணின் கையிலேயே இருக்கட்டும்.