கொலராடோவில் நெடுந்தூர மான், எல்க் வேட்டைக்கு எப்படித் தயாராவது?

கேள்வி இதுதான்: எச்-1பி விசாவில் டென்வரில் இருக்கும் ஒருவர் மியூல் மான் (பெரிய காதுள்ள மான் வகை), எல்க் (அதைவிடப் பெரிய மான் இனம்) இரண்டையும் ஒரே சீசனில் வேட்டையாட முடியுமா, 500 கெஜத்துக்கு மேல் சுட எப்படிப் பழகுவது?

அனுமதி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். எச்-1பி மாதிரி விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்க அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை போடுகிறது. ஆனால் ஏதாவதொரு மாநிலத்தின் வேட்டை லைசென்ஸ் நடப்பில் இருந்தால் விலக்கு உண்டு. நானும் அந்த வழியில்தான் நுழைந்தேன். லைசென்ஸ் காலாவதியானால் விலக்கும் போச்சு, அதனால் தேதியில் கண் இருக்கட்டும். 1949-க்கு முன் பிறந்தவராக இல்லாவிட்டால் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்த சான்றும் வேண்டும். மான் டேக் (ஒரு விலங்கைச் சுடுவதற்கான அனுமதிச் சீட்டு) குலுக்கலில்தான் கிடைக்கும், விண்ணப்பக் கெடு ஏப்ரல் தொடக்கம். ஆண் எல்க் டேக் பல யூனிட்களில் (வேட்டைப் பகுதிகளில்) இரண்டாம், மூன்றாம் ரைஃபிள் சீசனுக்குக் கடையிலேயே கிடைக்கிறது. இரண்டு டேக்கும் ஒரே யூனிட், ஒரே சீசனுக்குப் பொருந்துகிற மாதிரி பார்த்து வாங்குங்கள். என் ஓட்டு மூன்றாம் சீசனுக்கு. நவம்பரில் கடா மான்கள் பெட்டை தேடி அலைய ஆரம்பிக்கும், பகலிலேயே வெளியே வரும்.

துப்பாக்கி பற்றி மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள். 7 எம்எம் ரெமிங்டன் மேக்னம், .300 வின்செஸ்டர் மேக்னம் என்ற தோட்டா வகைகளில் எதுவானாலும் எல்க்குக்குப் போதும். மிச்சப் பணத்தை நல்ல பைனாகுலரிலும் பூட்ஸிலும் போடுங்கள். ஒன்று மட்டும்: கணினி பொருத்திய 'ஸ்மார்ட்' ஸ்கோப் (துப்பாக்கி மேல் பொருத்தும் தொலைநோக்கி) வைத்து வேட்டையாடுவது கொலராடோவில் சட்டவிரோதம். நான் வைத்திருப்பது ஒரு காகித அட்டை. தூரம், ஸ்கோப்பின் திருகை எத்தனை கிளிக் (படி) ஏற்ற வேண்டும், காற்றுக்கு எவ்வளவு என்று பென்சிலில் எழுதி, மேலே செலோடேப் ஒட்டி, துப்பாக்கிக் கட்டையின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிறேன். விரல் விறைத்துப்போகும் குளிரில் போனைத் தடவிக்கொண்டிருக்க முடியாது.

அட்டையில் தோட்டா இறங்கும் கணக்குச் சுலபம். 200 கெஜத்துக்குச் சரிசெய்த .300 மேக்னம் 500 கெஜத்தில் சுமார் 3 அடி இறங்கும். ரேஞ்ச்ஃபைண்டர் தூரத்தைச் சொல்லிவிட்டால் ஸ்கோப்பைத் திருகினால் முடிந்தது. மலை உயரத்தில் காற்று அடர்த்தி குறைவு என்பதால் கொஞ்சம் குறைவாகவே இறங்கும், அதையும் அட்டையில் சேர்த்துக்கொள்ளலாம். ஆளைக் கவிழ்ப்பது பக்கக் காற்றுதான். மணிக்கு 10 மைல் வேகக் காற்று அதே 500 கெஜத்தில் தோட்டாவை ஓரடி முதல் ஒன்றரை அடி வரை தள்ளும். மானின் நெஞ்சில் நாம் குறி வைக்கிற இடம் ஒரு சாப்பாட்டுத் தட்டளவுதான். அந்தக் காற்றும் நாம் படுத்திருக்கும் இடத்தில் ஒரு வேகம், நடுப் பள்ளத்தில் வேறு வேகம், எதிர்ச் சரிவில் வேறு திசை. கையிலிருக்கும் காற்றுமானி நம் மூக்கு நுனிக் காற்றைத்தான் சொல்லும். எதிரே புல் சாய்வதையும், ஸ்கோப்பில் தெரியும் கானல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதையும் பார்த்துப் பழக ஒரு கோடைக்காலமாவது வேண்டும்.

பழகும்போது மேஜையில் சாய்ந்து சுடாதீர்கள். மலையில் மேஜை கிடையாது. முதுகுப் பையைக் கீழே போட்டு அதன் மேல் துப்பாக்கியை வைத்து, மேடேறி மூச்சு வாங்குகிற நிலையில், முதல் தோட்டா எங்கே விழுகிறது என்று பாருங்கள். அந்த ஒரு தோட்டாதான் கணக்கு. வீட்டில் வெறும் துப்பாக்கியோடு விசை அழுத்திப் பழகுவது தினமும் நடக்கட்டும்.

இரும்புத் தகட்டை நான் 700 கெஜத்தில் அடிப்பேன். உயிருள்ளதை 400-க்கு மேல் சுடமாட்டேன். இதற்கு என்னைக் கிண்டல் செய்கிறவர்கள் உண்டு. ஆனால் 500 கெஜம் போக தோட்டாவுக்கு அரை விநாடிக்கு மேல் ஆகிறது. அதற்குள் மான் ஓர் அடி எடுத்து வைத்தால் நெஞ்சுக்கு வைத்த குறி குடலில் போய் விழும். அதனால் உங்கள் 500-க்கு என் பதில்: தகட்டில் தாராளமாக. வேட்டையில், இன்னும் கிட்டே போக வழியே இல்லையா என்று முதலில் பாருங்கள்.

நான் போனது மீக்கர் ஊருக்குக் கிழக்கே, வைட் ரிவர் பக்கம். மான் முதலில் அமைந்தது: புதர்ச் சரிவில் 340 கெஜம், காற்று அடங்கிய காலை நேரம். மியூல் மான் துள்ளி ஓடினாலும் மேட்டில் ஏறி ஒரு தடவை நின்று திரும்பிப் பார்க்கும், நிறைய மான்களுக்கு அதுதான் வினை. எல்க் கூட்டத்தை வேறொரு நாள் பின்மதியம் 760 கெஜத்தில் பார்த்தோம். அந்த யூனிட்டில் ஆண் எல்க்குக்கு ஒரு கொம்பிலாவது 4 கிளை வேண்டும், இல்லையென்றால் நெற்றிக் கிளை 5 அங்குலம் இருக்க வேண்டும். கூட வந்த நண்பர் ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் எண்ணி, "ஐந்து இருக்கிறது" என்றார். சுடவில்லை. காற்று எங்கள் முகத்தில் படும்படி ஓடை வழியாகச் சுற்றிப்போய், கடைசியில் 290-இல் நின்றோம். ஒரு தோட்டா. சில அடி நடந்து விழுந்தது.

உண்மையான வேலை அதற்கப்புறம்தான். டேக்கில் கையெழுத்திட்டு, தேதி குறித்து இணைக்க வேண்டும். ஆண் என்பதற்கான அடையாளத்தை இறைச்சியோடு விட்டுவைக்க வேண்டும். வயிற்றைத் திறக்காமலே ஒரு பக்கத் தோலை உரித்து, முன் சப்பை, பின் தொடை, முதுகுக்கறி என்று எடுத்து, துணிப் பையில் போட்டு மர நிழலில் தொங்கவிட்டோம். எலும்பு நீக்கியும் இரண்டு பேர் பல நடை சுமக்கிற கனம் அது. கொம்பை மட்டும் வெட்டிக்கொண்டு கறியைக் காட்டில் விடுவது கொலராடோவில் குற்றம், குற்றமாகத்தான் இருக்க வேண்டும். மான், எல்க் கூட்டங்களில் சிடபிள்யூடி என்ற மூளை நோய் இருப்பதால் தலைகளைச் சோதனைக்குக் கொடுத்து, முடிவு வந்த பிறகே அடுப்பேற்றினோம்.

எல்க் கறியில் கொழுப்பே இல்லை. முதுகுக்கறியை ஆட்டுக்கறி மாதிரி வேகவிட்டால் ரப்பர்தான். மிளகு, உப்பு, நெய், சூடான இரும்புச் சட்டியில் சில நிமிடம், அவ்வளவு போதும். கால் பக்கத்துக் கறியைக் குக்கரில் சுக்காவாகவும், மீதியை மஞ்சள் தடவி உப்புக்கண்டமாகவும் போடலாம். டென்வரின் வறண்ட காற்றில் அது நன்றாகவே காய்கிறது.

டேக் கிடைத்ததும் எந்த யூனிட் என்று கருத்தில் எழுதுங்கள், அந்தப் பக்கம் எனக்குத் தெரிந்திருந்தால் சொல்கிறேன்.