குனிந்தால் சொட்டும் நீர்

அன்புள்ள ஐயா,
என் மனைவிக்கு சைனஸ் அறுவை சிகிச்சை முடிந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. காலையில் கோலம் போடக் குனிந்தால் இடது மூக்கிலிருந்து மட்டும் நீர் சொட்டுகிறது. சளி இல்லை, வெறும் தண்ணீர். “ஜலதோஷம், போய்விடும்” என்கிறாள். நீங்களும் இதே சிகிச்சை செய்துகொண்டதாக எழுதியிருந்தீர்கள். இது இயல்புதானா?
செ., கும்பகோணம்

அன்புள்ள செ.,
நான் மருத்துவன் அல்ல. இதைப் படித்து முடிப்பதற்கு முன்பே அறுவை சிகிச்சை செய்த மருத்துவரைத் தொலைபேசியில் அழையுங்கள். உப்புநீரால் மூக்கைக் கழுவுகிறவர்களுக்கு, உள்ளே தங்கிய நீர் குனியும்போது கொட்டுவது உண்டு; அதுவாகவும் இருக்கலாம். ஆனால் ஒற்றை மூக்கு, தெளிந்த நீர், குனிந்தால் சொட்டு என்று மூன்றும் சேர்ந்தால், மூளையைச் சூழ்ந்திருக்கும் நீர் கசிகிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். சொட்டுவதைச் சிறு குப்பியில் பிடித்துக் கொடுத்தால் பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் இருக்கிறதா என்று சோதிப்பார்கள். சளியில் அது இருக்காது. அதுவரை அவர் மூக்கைச் சிந்த வேண்டாம்; தும்மல் வந்தால் வாயைத் திறந்தே தும்மட்டும். காய்ச்சல், கடுந்தலைவலி, கழுத்து விறைப்பு என எது வந்தாலும் நேரே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். மூளைக்காய்ச்சலுக்கு நாள் நட்சத்திரம் தெரியாது.

எனக்குச் சிகிச்சை செய்தவர் முதல் நாள் சி.டி. படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டிக் காட்டினார். கண்ணுக்கும் சைனஸுக்கும் நடுவே பென்சிலால் கீறியதுபோல் ஒரு வெள்ளைக் கோடு. லத்தீனில் அதன் பெயரே காகிதத் தகடு. அது உடைந்து, அறுபட்ட தமனி கண்குழிக்குள் சுருங்கி இரத்தம் கசிந்தால், பார்வையைக் காப்பாற்ற ஒன்று, ஒன்றரை மணி நேரம்தான் கிடைக்கும். அதனால்தான் அறுவையின்போது கண்ணைத் துணியால் மூடாமல் விடுகிறார்கள். மேலே, மூளையைத் தாங்கும் கூரை சில இடங்களில் 0.1 மில்லிமீட்டர்கூட இராது. அது எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். 1962இல் கெரோஸ் என்பவர் அதை மூன்று வகையாகப் பிரித்தார். என்னுடையது மூன்றாவது, ஆழமான வகை. கேட்டதும் வயிற்றைக் கலக்கியது.

மோஷர் என்ற அமெரிக்க மருத்துவர் 1929இலேயே, ஏட்டளவில் எளிதான இந்த அறுவை நோயாளியைக் கொல்வதற்கும் எளிதான வழி என்று எழுதிவிட்டார். எண்டோஸ்கோப்பும் சி.டி.யும் இல்லாத காலம் அது. இன்று பெரிய சிக்கல்கள் நூற்றில் ஒருவருக்கு வந்தாலே அதிகம். கசிவே என்றாலும், பெரும்பாலும் மூக்கு வழியாகவே ஒட்டுப்போட்டு அடைத்துவிடுகிறார்கள்.

மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை அவரைக் குனியவிடாதீர்கள். கோலத்தை நீங்களே போடுங்கள். புள்ளி பிசகினால் தெருவில் யாரும் கேட்கமாட்டார்கள்.