மாடியில விறகடுப்பு, கீழ டைல்ஸ் தாங்குமா?

கேள்வி: பெங்களூரு அல்சூர்ல சொந்த வீடு. மொட்டை மாடியில வாட்டர்ப்ரூஃபிங் பண்ணி மேல வெள்ளை டைல்ஸ் போட்டிருக்கோம். பொங்கலுக்கு மூணு செங்கல் வெச்சு அடுப்பு மூட்டினதுல டப்பு டப்புனு சத்தம் கேட்டு டைல்ஸ் தூக்கிடுச்சு. இனி பிரியாணிக்கு, வெந்நீருக்குனு அடுப்ப அங்கயே நிரந்தரமா வைக்கணும். வீட்டுக்காரர் அடியில கடப்பா கல்லு போட்டா போதும்ங்கறார், சரியா?
– அல்சூர் வாசகி

பதில்: சார் கோச்சுக்க வேண்டாம், கடப்பா கல்லு சரிப்படாதும்மா. அது ஏடு ஏடா இருக்கற கல்லு, நெருப்பு பட்டா விரிசல் விடும், அதுவும் இல்லாம டைல்ஸ் மேல ஒட்டிக்கிட்டு இருக்கறதால சூட்ட அப்படியே கீழ இறக்கிடும். உங்க டைல்ஸ் தூக்கினதும் இப்படித்தான், மேல் பக்கம் சூடாகி விரியுது, அடிப்பக்கம் இன்னும் குளுகுளுனு இருக்கு, விரிய இடமில்லாம எழும்பிடுது, கீழ ஈரம் இருந்தா ஆவி வேற முட்டித் தள்ளும். வாட்டர்ப்ரூஃபிங் தார் ஷீட்டா இருந்தா இளகியே போயிடும்.

கனமா எதையாவது போடறத விட, அடுப்புக்கும் தரைக்கும் நடுவுல காத்து ஓட வழி விடுங்க. சிலர் ஹாலோ பிளாக்க ஓட்டை பக்கவாட்டுல தெரியற மாதிரி படுக்க வெச்சு மேல செங்கல் அடுக்குவாங்க, மண் தரையில வைக்கற அடுப்புக்கு அது அருமையான வழி. ஆனா உங்களுது மாடி, ஆள் நடமாடற மொட்டை மாடி தாங்க வேண்டிய பாரம், ஐஎஸ் 875-ங்கற கட்டட பாரத்துக்கான இந்தியத் தரவிதிப்படி, சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோதான், பிளாக்கும் செங்கலும் சேர்ந்தா அதத் தாண்டிடும். அதனால வெல்டிங் கடையில இரும்பு ஆங்கிள்ல 6 இஞ்ச் காலோட ஒரு ஸ்டாண்ட் பண்ணச் சொல்லுங்க, மேல இரும்பு ஷீட், அது மேல கொஞ்சம் மணல் பரப்பி செங்கல் ஒரே ஒரு வரிசை, அது மேல அடுப்பு. சிமெண்ட் வெச்சுப் பூச வேண்டாம், சூட்டுல உதிரும், களிமண்ணும் மணலும் குழைச்சுப் பூசினா போதும். ஸ்டாண்ட அடியில சுவர் இல்லன்னா பீம் வர்ற இடமா பாத்து வைங்க. கால் குத்தி வாட்டர்ப்ரூஃபிங் ஓட்டையாகாம ஒவ்வொரு காலுக்கும் அடியில அகலமா ஒரு கல் துண்டு.

விறகு தள்ளற பக்கம் ஷீட் ஒன்றரை அடி நீட்டி இருக்கட்டும், கங்கு விழறது எப்பவும் அங்கதான். பக்கவாட்டுல முக்கால் அடி போதும். சமையல் முடிஞ்சதும் அவசரப்பட்டு தண்ணிய ஊத்தி அணைக்காதீங்க, செங்கல் வெடிச்சிடும், மணலப் போட்டு மூடுங்க. பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் வீட்ல கிடக்குன்னு அத எடுத்து அடியில போடற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம், சூட்டுல அது வெடிச்சுச் சிதறும், அதுல இருக்கற ஆஸ்பெஸ்டாஸ் நார் நுரையீரலுக்குள்ள போனா கேன்சர் வரைக்கும் கொண்டுபோய் விடும்.